பிறக்காத பிள்ளைக்கு ஒரு வாழ்த்து: கடலூர், சிதம்பரம் சொல்லும் கதைகள்

ஒரு நாழிகைன்னா எவ்வளவு நேரம் தெரியுமா? 24 நிமிஷம். அந்த 24 நிமிஷத்துக்காக ஒரு ராணி தன் உயிரையே கொடுத்த கதையிலிருந்து இன்றைய எபிசோடைத் தொடங்குவோம்.

சோழ அரசன் சுபதேவன். அவன் மனைவி கமலவதி. ரொம்ப காலமா குழந்தை இல்லை. ரெண்டு பேரும் தில்லைக்கு, அதாவது நம்ம சிதம்பரத்துக்கு வந்து கூத்தப்பெருமானை வழிபடுகிறார்கள். கமலவதி கருவுறுகிறாள். மாதங்கள் நிறைந்து பிரசவ வலியும் வந்துவிடுகிறது. அப்போ சோதிடர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு விஷயம் சொல்றாங்க. "இந்தக் குழந்தை இன்னும் ஒரு நாழிகை கழிச்சுப் பிறந்தா மூன்று உலகத்தையும் ஆளும்."

கமலவதி என்ன செய்தாள் தெரியுமா? தன் கால்களைக் கட்டி, தலைகீழாகத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். அப்படியே செய்தார்கள். நாழிகை கழிந்ததும் கட்டை அவிழ்த்தார்கள். குழந்தை பிறந்தது. காத்திருந்ததில் அதன் கண்கள் சிவந்து போயிருந்தன. அதைப் பார்த்து, "என் செங்கண்ணனா?" என்கிற மாதிரி ஆசையாக அழைத்துவிட்டு அந்தத் தாய் இறந்துபோனாள். அந்தப் பிள்ளைதான் கோச்செங்கட் சோழன். சிவனுக்கு மாடக்கோயில்கள் கட்டியவன், 63 நாயன்மார்களில் ஒருவன்.

இதைச் சொல்வது சேக்கிழாரின் பெரியபுராணம். 12-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்க சோழன் காலம். அந்த நூல் அரங்கேறிய இடம் சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் என்பது சைவ மரபு. ஆக, தில்லையில் வரம் கேட்டு வந்த ஒரு கருவின் கதை, அதே தில்லையில் ஊர் கூடி உட்கார்ந்து கேட்ட கதையாகவும் ஆயிடுச்சு.

இது அப்படியே நடந்ததா என்று கேட்டால், அது வேற விவாதம். முற்பிறவியில் சிலந்தியாக இருந்து திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு வலைப்பந்தல் போட்டவன்தான் இவன் என்றும் அதே புராணம் சொல்லும். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. பிள்ளைக்கு நல்ல நேரம் வேண்டும் என்பதற்காகத் தாயின் உடம்பை எந்த அளவுக்கு வளைக்கலாம் என்ற கேள்வி, அந்தக் கதையைக் கேட்டவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. நமக்கும் புதிதில்லை. நல்ல நட்சத்திரம், நல்ல லக்கினம் குறித்து வாங்கிக்கொண்டு போய், "இந்த மணிக்குள்ள சிசேரியன் பண்ணிடுங்க டாக்டர்" என்று கேட்கிற குடும்பங்கள் நம்மைச் சுற்றியே இருக்கு. கமலவதி நாழிகையைத் தள்ளிப் போட்டாள், நாம முன்னாடி இழுக்கிறோம். அவ்வளவுதான்.

அதனால் இன்றைக்கு, கருவில் இருக்கும் குழந்தைக்காக நம்ம மண்ணில் செய்த சடங்குகள், கேட்ட வரங்கள், சொன்ன வாழ்த்துகள் பற்றிப் பேசப் போறோம். பெரும்பாலும் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே சுத்துவோம். ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. ஒண்ணு, எப்படிப்பட்ட பிள்ளை வேணும்னு கேட்கிறாங்க? ரெண்டு, இதில் தாய்க்கு என்ன கிடைக்குது?

பிறப்பதற்கு முன் மூன்று சடங்கு

இந்து மரபில் வாழ்க்கைச் சடங்குகளை சம்ஸ்காரம் என்பார்கள். 16 சம்ஸ்காரம் என்பது பொதுவாகச் சொல்லும் எண்ணிக்கை. அதில் முதல் மூன்று குழந்தை பிறப்பதற்கு முன்னாடியே முடிந்துவிடும். கருவுறுதலுக்கான கர்ப்பாதானம், அப்புறம் பும்சவனம், அதன் பிறகு சீமந்தோன்னயனம். கடைசிப் பெயரைச் சுருக்கித்தான் நாம சீமந்தம் என்கிறோம்.

இதற்கான விதிமுறைகள் கிருஹ்ய சூத்திரங்கள் என்ற நூல்களில் இருக்கு. வீட்டுச் சடங்குகளுக்கான கையேடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆசுவலாயனர், ஆபஸ்தம்பர், போதாயனர் என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நூல். எல்லாம் பொது ஆண்டுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் உருவான மரபு. சிதம்பரம் தீட்சிதர்கள் போதாயன சூத்திரத்தைப் பின்பற்றுபவர்கள். ஆக, இந்தப் பழைய கையேடுகளில் ஒன்று இன்றைக்கும் அந்த ஊர் வீதிகளில் நடைமுறையில் இருக்கு.

முதலில் பும்சவனம். பெயரிலேயே விஷயம் இருக்கு. "பும்ஸ்" என்றால் ஆண். ஆண் குழந்தை பிறக்க வேண்டும் என்று செய்யும் சடங்கு. ஆசுவலாயனர் சொல்வது இப்படி: மூன்றாம் மாதம், பூச நட்சத்திரத்தன்று, தயிரில் இரண்டு பயறும் ஒரு வாற்கோதுமை மணியும் போட்டு மனைவியிடம் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மணிகளும் ஆணின் உறுப்பைக் குறிப்பவை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். "என்ன குடிக்கிறாய்?" என்று கணவன் கேட்க, "பும்சவனம்" என்று அவள் மூன்று முறை பதில் சொல்ல வேண்டும்.

ஆபஸ்தம்பர் ஆலமரத்துக்குப் போகிறார். கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த கிளை, அதில் இரண்டு காய் சேர்ந்த கொழுந்து. அதை அரைத்து, அந்தச் சாற்றைக் கர்ப்பிணியின் வலது மூக்கில் விட வேண்டும். இதில் ஒரு சின்ன விவரம் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது. அந்தக் கொழுந்தை அரைக்க வேண்டியது யார் தெரியுமா? இன்னும் பூப்பெய்தாத ஒரு சிறுமி. அதாவது, ஆண் பிள்ளை கேட்கும் மருந்தை ஒரு பெண் பிள்ளை கையால் அரைக்க வேண்டும். சூத்திரம் எழுதியவர்களுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை. அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருக்குமா என்று நினைத்துப் பாருங்க.

அறிவியல் பக்கம் ஒரு வரி சொல்லிடறேன். குழந்தையின் பால் கரு உருவாகும் நொடியிலேயே, விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமால் முடிவாகிவிடுகிறது. மூன்றாம் மாதம் எந்தச் சாற்றை விட்டாலும் அது மாறாது.

அடுத்தது சீமந்தம். "சீமந்தம்" என்றால் தலைவகிடு. முதல் கர்ப்பத்தில், நான்காம் மாதம் செய்யச் சொல்கிறது பழைய சூத்திரம். நம்ம பக்கம் இப்போ ஆறாம் மாதமோ எட்டாம் மாதமோ, பும்சவனத்தையும் சேர்த்தே செய்துவிடுகிறார்கள். கணவன், மூன்று வெள்ளைப் புள்ளி உள்ள முள்ளம்பன்றி முள், தர்ப்பைக் கட்டு, அத்திக்காய்க் கொத்து இவற்றைச் சேர்த்துப் பிடித்து, மனைவியின் நெற்றியிலிருந்து மேல் நோக்கி வகிடு எடுக்க வேண்டும். பிறகு வீணை வாசிப்பவர்கள் பாட வேண்டும்.

அந்தப் பாட்டில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கு. சோமராஜனை வாழ்த்திப் பாடும்போது, அந்தக் குடும்பம் எந்த ஆற்றங்கரையில் வாழ்கிறதோ அந்த ஆற்றின் பெயரை அதில் சேர்க்க வேண்டும். கோடிங் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், அந்த மந்திரத்தில் ஒரு வேரியபிளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். கடலூரில் இருந்தால் கெடிலமோ பெண்ணையாறோ, சிதம்பரத்தில் இருந்தால் வெள்ளாறோ கொள்ளிடமோ. பிறக்கப் போகும் பிள்ளைக்கு முதலில் அறிமுகமாவது ஊர்த் தண்ணீர்.

சீமந்தம் யாருக்கான சடங்கு என்று தர்மசாஸ்திரக்காரர்களுக்குள் ஒரு விவாதமே நடந்திருக்கு. குழந்தைக்கானது என்றால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் செய்ய வேண்டும். தாய்க்கானது என்றால் ஒரு தடவை போதும். நடைமுறையில் தாய் பக்கம்தான் ஜெயித்தது. முதல் கர்ப்பத்துக்கு மட்டும் சீமந்தம் செய்வது அதனால்தான்.

ஆசுவலாயனர் கடைசியில் இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறார். கணவனும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிற வயதான பெண்கள் என்ன சொல்கிறார்களோ, அதையும் செய்யுங்கள் என்கிறார். அவ்வளவு முள், தர்ப்பை, மந்திரம் எல்லாம் எழுதிவிட்டு, "மிச்சத்தைப் பாட்டிமார்களைக் கேட்டுக்கோ" என்று விட்டுவிட்டார். அந்தப் பாட்டிமார்கள் என்ன சொன்னார்கள் என்று எந்தச் சூத்திரமும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் நமக்கு நன்றாகத் தெரிந்த வளைகாப்பு வந்து உட்காருகிறது. அதற்கு ஐயர் வேண்டாம், ஓமகுண்டம் வேண்டாம், மந்திரமும் கட்டாயமில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கண்ணாடி வளையல் போட்டு, அட்சதை தூவி வாழ்த்துகிறார்கள். சாதி, ஊர் பார்த்து ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாதம் மாறும். சில வீடுகளில் முதலில் வேப்பிலைக் காப்புதான் போடுவார்கள். தாய்வீட்டிலிருந்து புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலந்த சாதம் வரும். விழா முடிந்ததும் முதல் பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போவாள்.

மண்ணும் புளியும்

அந்தச் சாதத்தில் புளி முதலில் நிற்பதற்கு ஒரு பழைய பின்னணி இருக்கு. குறுந்தொகை 287-ஆம் பாட்டு, கச்சிப்பேட்டு நன்னாகையார் என்ற பெண் புலவர் பாடியது. மழை மேகம் தண்ணீரைச் சுமந்துகொண்டு மெல்ல மலையேறுவதற்கு அவர் ஒரு உவமை சொல்கிறார். நிறைமாதக் கர்ப்பிணி, பச்சைப் புளிக்கு ஆசைப்பட்டு, வயிற்றுப் பாரத்தோடு தளர்ந்து நடக்கிற மாதிரி இருக்காம்.

இன்னொன்று புறநானூறு 20. குறுங்கோழியூர் கிழார், சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுகிறார். உன் நாட்டு மண்ணைப் பகைவர்கள் உண்ண முடியாது, மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்கிறார். நாட்டைப் பிடிப்பதையும் மண்ணைத் தின்பதையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுவிட்டார். ராஜாவைப் புகழும் பாட்டுதான். ஆனால் கர்ப்பிணிப் பெண்கள் மண் தின்பார்கள் என்பது ஊர் அறிந்த செய்தியாக இருந்தால்தான் அந்தப் பாட்டு எடுபடும்.

மண் தின்னும் ஆசை பல நேரம் இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது ரத்தசோகையைத் தடுக்கத்தான். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் புலவர் ஒருவர் ராஜாவின் பெருமைக்காகச் சொன்ன வரியில், பசித்த ஒரு தாயின் உடம்பும் பதிவாகியிருக்கு.

தில்லையில் எழுதிய கர்ப்ப டைரி

இதுவரைக்கும் தாயைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேசினோம். கருவுக்குள்ளே இருக்கிற உயிரின் பக்கத்திலிருந்து யாராவது பேசியிருக்காங்களா? பேசியிருக்காங்க. அதுவும் சிதம்பரத்தில்.

திருவாசகத்தில் போற்றித் திருவகவல் என்று ஒரு பகுதி. மாணிக்கவாசகர் தில்லையில் பாடியது என்பது மரபு. அவர் காலத்தைப் பொதுவாக 9-ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதில் அவர் மாதவாரியாகக் கணக்குப் போடுகிறார். முதல் மாதம் இந்த ஆபத்திலிருந்து பிழைத்தேன், இரண்டாம் மாதம் அதிலிருந்து பிழைத்தேன், நாலாம் மாதம் கும்மிருட்டிலிருந்து பிழைத்தேன் என்று பத்து மாதமும் ஒரு பட்டியல். பிழைத்தல் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பத்தாம் மாதம் வரும்போது மட்டும் கூட ஒரு ஆள் சேர்கிறார். அந்தத் துன்பக் கடலைத் தாயோடு சேர்ந்து கடந்து பிழைத்ததாகச் சொல்கிறார்.

ஸ்கேன் இல்லாத காலத்தில், உள்ளே இருப்பது உயிரோடு வெளியே வருமா என்ற பயம் ஒவ்வொரு மாதமும் புதிதாக இருந்திருக்கும். கரு தங்கியது ஒரு கண்டம், மூன்று மாதம் தாண்டியது இன்னொரு கண்டம், ஏழு தாண்டியது இன்னொன்று. மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது என்று சடங்குகள் வரிசையாக நிற்பதை இந்தப் பாட்டோடு வைத்துப் பார்த்தால், இவ்வளவு தூரம் வந்துட்டோம் என்று அந்தக் குடும்பம் விடுகிற பெருமூச்சு மாதிரித்தான் எனக்குத் தோணுது.

பெண்ணாடத்தில் ஒரு ஷஃபிள்

இப்போ விருத்தாசலத்தைத் தாண்டி பெண்ணாடத்துக்குப் போவோம். திருப்பெண்ணாகடம் என்று தேவாரத்தில் வரும் ஊர். தூங்கானை மாடம் என்று பெயர்பெற்ற கோயில் அங்கே இருக்கு.

13-ஆம் நூற்றாண்டு. அங்கே அச்சுதகளப்பாளர் என்று ஒரு வேளாளர். குழந்தை இல்லை. பண்ருட்டி பக்கம் திருத்துறையூரில் இருந்த தன் குரு சகலாகம பண்டிதரிடம் போய்க் கேட்கிறார். குரு என்ன செய்தார் தெரியுமா? தேவார ஏட்டுக்கட்டை எடுத்துப் பூசை செய்து, அதில் கயிறு சாத்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஏடுகளுக்கு நடுவே கயிற்றை விட்டு, எந்தப் பக்கம் வருகிறதோ அதைப் பிரித்துப் படிப்பதுதான் கயிறு சாத்துதல். நாம பிளேலிஸ்ட்டில் ஷஃபிள் அழுத்தற மாதிரி. ஆனா வருவதைக் கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

வந்தது திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம். அங்குள்ள முக்குளத்தில் நீராடுபவர்களுக்குத் தீமை அண்டாது, பிள்ளைப்பேறு கிடைக்கும் என்ற பொருள் வரும் பாட்டு. கணவனும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போனார்கள். சீர்காழிக்குப் பக்கம். மூன்று குளத்திலும் நீராடி வழிபட்டுத் தங்கினார்கள்.

அடுத்து நடந்ததாகச் சொல்வதுதான் கதையின் உயிர். கனவில் இறைவன் வந்து, "இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளை கிடையாது" என்று சொல்லிவிட்டார். அச்சுதகளப்பாளர் மனம் தளரவில்லை. சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன், இனி உங்கள் விருப்பம் என்கிற மாதிரிப் பதில் சொன்னார். கடவுளின் பேச்சைவிடக் கவிஞரின் பேச்சு பெரிது என்று கடவுளிடமே சொன்னார் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். வரம் கிடைத்தது. பிறந்த குழந்தைக்கு வெண்காட்டு இறைவன் பெயரால் சுவேதவனப்பெருமாள் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் மெய்கண்டார். 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் எழுதி, சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளம் போட்டவர். கயிறு சாத்திக் கொடுத்த அதே சகலாகம பண்டிதர், அருணந்தி சிவாசாரியார் என்ற பெயரில் இந்தப் பிள்ளைக்கே சீடர் ஆனார். பிள்ளை வேண்டி அந்தத் திருவெண்காட்டுப் பதிகத்தை ஓதும் வழக்கம் இன்றைக்கும் சைவக் குடும்பங்களில் தொடர்கிறது.

ஆலங்கொழுந்துச் சடங்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் பாருங்க. அந்தப் பாட்டின் பொருளில் பிள்ளை என்றுதான் இருக்கு. ஆண் என்று கேட்கவில்லை.

மருதூரில் ஒரு இலைச் சோறு

இன்னும் பக்கத்தில் வருவோம், காலத்திலும் இடத்திலும். சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூர். அங்கே இராமையா பிள்ளை, ஊர்க் கணக்கர், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய மனைவி சின்னம்மை, பொன்னேரிக்குப் பக்கம் சின்னக்காவணத்துப் பெண். அவர் இராமையாவின் ஆறாவது மனைவி. முன்னால் மணந்த ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள் என்று வரலாற்று நூல்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நாம கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். ஐந்து பெண்கள். ஒரு மனிதனின் ஆயுளுக்குள்.

மரபு சொல்லும் கதை இது. ஒரு நாள் உச்சிப் பொழுதில் சிவயோகி ஒருவர் பசியோடு வாசலில் வந்து நிற்கிறார். வீட்டில் சின்னம்மை மட்டும். அவர் இலை போட்டு உணவு பரிமாறுகிறார். பசி தீர்ந்த யோகி திருநீறு கொடுத்து, உலகம் போற்றும் பிள்ளை பிறக்கும் என்று வாழ்த்திவிட்டுப் போகிறார். 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த அந்தப் பிள்ளை இராமலிங்கம். நாம வள்ளலார் என்று சொல்கிறவர்.

ஐந்தாம் மாதத்தில் அவரைச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போனார்கள். ரகசியத்தின் திரை விலகியபோது குழந்தை சிரித்தது என்பார்கள். கொஞ்ச நாளில் இராமையா இறந்துவிட, ஐந்து பிள்ளைகளோடு சின்னம்மை தனியாக நின்றார்.

வாழ்த்தின் கதையை அந்தப் பிள்ளையே பின்னாளில் முடித்து வைத்தார் என்றுதான் எனக்குத் தோணுது. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்குப் பற்றவைத்த அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் பசித்தவர்க்குச் சோறு. சின்னம்மை ஒரு இலை போட்டார், அதற்கு ஒரு வாழ்த்து கிடைத்தது. அந்த வாழ்த்தில் பிறந்தவர் போட்ட இலைகளுக்குக் கணக்கே இல்லை.

896-க்கும் அருகே ஒரு எண்

இவ்வளவு கதையும் ஒரே மாவட்டத்தைச் சுற்றி. பிள்ளைவரம் என்றால் கடலூர்ச் சீமையை மிஞ்ச ஆளில்லை என்று பெருமையோடு முடித்துவிடலாம். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படி முடிக்க விடாது.

இயற்கையாகப் பிறப்பில் 1000 ஆண் குழந்தைக்குச் சுமார் 950 பெண் குழந்தை இருக்கும். 2011-இல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் தமிழ்நாட்டின் சராசரி 943. கடலூர் மாவட்டத்தில் அது 900-க்கும் கீழே, ஏறத்தாழ 896. மாநிலத்திலேயே அடிமட்ட மாவட்டங்களில் ஒன்று. பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் அரசு நீட்டித்தது.

மெய்கண்டாருக்கும் வள்ளலாருக்கும் வரம் கேட்ட மண்ணில், பெண் பிள்ளைகள் கணக்கில் குறைந்தார்கள். கருவின் பாலைக் கண்டுபிடித்துச் சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் சுவரில் அந்த அறிவிப்புப் பலகை இருக்கும், பார்த்திருப்பீங்க. ஆலங்கொழுந்துச் சாற்றால் யாருக்கும் ஆபத்தில்லை, அது வேலையும் செய்யாது. அதே ஆசையின் கையில் வேலை செய்யும் ஒரு கருவி கிடைத்தபோதுதான் ஆபத்து வந்தது. பும்சவனம் செய்த எல்லோரும் பெண் கருவை அழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பும்சவனம் என்ற சொல்லையே கேள்விப்படாத குடும்பங்களிலும் இது நடந்தது. வரதட்சிணை, நிலம், கொள்ளி வைக்கும் உரிமை என்று காரணங்கள் வேறு பக்கமும் இருக்கு. ஆனால் "பையன் பிறக்கட்டும்" என்பதை ஒரு வாழ்த்தாகவே கேட்டுப் பழகிய காதுக்கு, பெண் என்பது கேட்காமல் வந்ததாகத்தானே படும்?

இன்னொரு பக்கமும் இதே தமிழ்நாட்டில் நடந்திருக்கு. கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. 2010-களில் அரசே சமுதாய வளைகாப்பு நடத்த ஆரம்பித்தது. அங்கன்வாடி ஊழியர்கள் கூட்டி வரும் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார, எல்லோருக்கும் சந்தனம், குங்குமம், வளையல், கலந்த சாதம். எந்தச் சாதி, எந்த மதம் என்ற கேள்வி இல்லை. கூடவே ரத்தசோகை, தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் பற்றிப் பேச்சு. பாட்டிமார்களிடம் விட்ட அந்த மிச்ச வேலையைச் செவிலியர்களும் அங்கன்வாடி அக்காக்களும் எடுத்துக்கொண்ட மாதிரி. வளையல் போட்டுக்கொள்ள வீட்டில் வசதியில்லாத பெண்ணுக்கும் அன்றைக்கு ஒரு நாள் ஊர் கூடி வாழ்த்துகிறது.

பலன் எண்ணில் தெரியுது. லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பது பேறுகால மரண விகிதம். 2001-03-இல் தமிழ்நாட்டில் அது 134. 2018-20-இல் 54. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 97. இது மருத்துவமனைப் பிரசவம், 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, கிராம சுகாதாரச் செவிலியர் என்று பலர் சேர்ந்து செய்த வேலை. 54-ம் சும்மா இல்லை, ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஆனால் இராமையா பிள்ளை வீட்டில் நடந்ததை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிற காலம் போய், ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் தணிக்கை நடத்தி ஏன் என்று கேட்கிற காலத்துக்கு வந்திருக்கோம்.

சரி, அடுத்த தடவை உங்க தோழிக்கோ அக்காவுக்கோ வளைகாப்பு என்று போய் நிற்கும்போது, கையில் வளையலோடு என்ன வாழ்த்துச் சொல்வீங்க? சிங்கக்குட்டி பிறக்கட்டும் என்று யாராவது பக்கத்தில் சொல்லத்தான் செய்வாங்க. நம்ம ஊர்க் கிழவிகளிடம் அதைவிடப் பழைய ஒரு வாழ்த்து இருக்கு. "நல்லபடியா பெத்துப் பொழைச்சு வா, தாயி." அதில் பையனும் இல்லை, பொண்ணும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. மாணிக்கவாசகர் மாதம் மாதமாக எண்ணிச் சொன்ன அதே பிழைத்தல்தான் இருக்கு. கமலவதிக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.